மோட்டார் வண்டியும் முலாமும்



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி ஒன்று உண்டு. ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் அவ்விதியைப் பின்பற்றினேன். ஓய்வு பெற்ற பின்னும் அது என்னை விட்டபாடில்லை. ஆகவே வரலாற்றைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான், முடிமன்னரையும் படையெடுப்புகளையும் கொண்டு தொடங்கப் போவதில்லை. என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் வண்டியின் முன்பக்கத் தடுப்புப் பட்டையிலிருந்து தொடங்கப் போகிறேன். பம்ப்பர் என்று நாம் எல்லோரும் வழங்குகிறோமே, அதுதான்.

அந்த வண்டி 1968-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அம்பாசிடர். என் தமையனார் ஒரு மருத்துவர். 1970-களின் நடுவில் அவர் அதனைப் பழைய வண்டியாக வாங்கினார். பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் நள்ளிரவில் அழைப்பு வரும். அப்போதெல்லாம் அவரைச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சுமந்து சென்றது அந்த வண்டிதான். அவர் மறைந்த பின் அது என்னிடம் வந்து சேர்ந்தது. எஞ்சினில் குறையில்லை. ஆனால் பம்ப்பரிலும், முன்முகத்துக் கிரில்லிலும், சக்கரத் தொப்பிகளிலும் இருந்த குரோமிய முலாம் அம்மைத் தழும்புபோல் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடமெல்லாம் துரு.

கல்லூரியில் பயிலும் என் பேரன் ஒருநாள், “தாத்தா, இதை உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசிவிடலாமே” என்றான். எனக்குச் சினம் வந்தது. “பளபளப்பாகப் பிறந்ததைப் பளபளப்பாகவே வைத்திருக்க வேண்டும். முலாம் பூசிய பொருளுக்கு வண்ணம் பூசுவது வரலாற்றை மறைப்பதாகும்” என்று கூறினேன். தலைமையாசிரியராக இருந்தவன் அல்லவா? தீர்ப்பு முதலில் வந்துவிட்டது. விசாரணை பிறகே தொடங்கிற்று.

பம்ப்பரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மறுவாரமே ஒரு தொழில்நகரில் உள்ள முலாம் பூசும் கொட்டகைக்குச் சென்றேன். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “ஐயா” என்றார். அவர் என் பழைய மாணவர். கணக்கில் கெட்டிக்காரர், குடும்ப நிலையால் பத்தாம் வகுப்போடு நின்றவர். பம்ப்பரைத் தடவிப் பார்த்தார். அவருடைய விரல்களில் வட்ட வட்டமாகச் சிறு குழிகள் இருந்தன. “என்னப்பா இது?” என்றேன். “அமிலத் தொட்டி தந்தது ஐயா. இளமையில் வேறு ஒரு கொட்டகையில் கையுறை இல்லாமல் வேலை செய்தேன். மூக்கின் நடுத்தண்டிலும் ஓட்டை விழுந்துவிட்டது. மல்லிகைப் பூவை முகர்ந்தால் மணம் தெரிவதில்லை” என்றார். குறை கூறும் குரலன்று அது. செய்தி கூறும் குரல். பின்பு அவரே தொடர்ந்தார்: “ஐயா கேட்டால் மறுக்கமாட்டேன். நன்றாகவே செய்து தருவேன். ஆனால் என் மகனை நான் இந்தக் கொட்டகைக்குள் விட்டதில்லை.”

நான் பம்ப்பரோடு வீடு திரும்பினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. வரலாற்றை மறைக்கலாகாது என்று பேரனிடம் சொன்னேனே, அந்த மினுக்கின் வரலாறு எனக்கு எவ்வளவு தெரியும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மிகக் குறைவாகவே தெரிந்தது. அதன்பின் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மோட்டார் வண்டி குதிரை வண்டியின் பிள்ளை. முதன்முதலில் மோட்டார் வண்டிக்கு உடல் கட்டியவர்களுள் பலர் குதிரை வண்டி கட்டியவர்களே. நம் சென்னையில் கோச்சு வண்டிகள் கட்டிப் புகழ்பெற்றிருந்த சிம்ப்சன் நிறுவனத்தார் 1903-ஆம் ஆண்டில் நீராவியால் இயங்கும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டினர் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். கோச்சு வண்டியின் விளக்குகளும் பிடிகளும் பித்தளையால் ஆனவை. ஆதலின் மோட்டார் வண்டியும் பித்தளை அணிந்தே உலகிற்கு வந்தது. விளக்கு பித்தளை, ஊதுகுழல் பித்தளை, நீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் உறையும் பித்தளை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளைப் பழைய மோட்டார் வண்டிகளின் வரலாற்றை எழுதுவோர் பித்தளைக் காலம் என்றே குறிப்பர்.

பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அது இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. தட்டி வளைக்க எளியது, பற்றவைக்கவும் எளியது. ஆனால் அதன் ஒளி நிலைப்பதில்லை. நம் இல்லங்களில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை துலக்கிய விளக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மங்கிவிடுகிறது. மோட்டார் வண்டியின் பித்தளையும் அவ்வாறே மங்கும். செல்வர் வீட்டில் அதனைத் துலக்குவதற்கென்றே ஆள் இருந்தான். வண்டியின் பளபளப்பு அதன் உரிமையாளரின் செல்வத்தைக் காட்டிற்று. ஆனால் அந்தப் பளபளப்பை உண்டாக்கியது இன்னொருவனின் தோள்வலி. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்திற்கே நாம் திரும்பி வருவோம்.

பித்தளைக்கு முதல் அடி கொடுத்தவர் ஹென்றி ஃபோர்டு. 1908-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘டி மாதிரி’ வண்டி, 1927-ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. எளிய உழவனும் வாங்கத்தக்க விலையில் வண்டி விற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக ஒவ்வொரு செலவையும் குறைத்துக்கொண்டே வந்தார். 1917-ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக வெளிவந்ததில் பித்தளை ரேடியேட்டர் உறை காணப்படவில்லை. அதன் இடத்தில் கறுப்பு வண்ணம் பூசிய எஃகு உறை இருந்தது.

இதைப் படித்தபோது நான் சற்றே திடுக்கிட்டேன். வண்டியின் ஒளிமிக்க உறுப்புக்கு வண்ணம் பூசுவது பிற்காலத்து ஏழைகள் கண்டுபிடித்த சமாளிப்பு என்று நான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாக விற்ற வண்டி, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே வண்ணம் பூசிய முகத்தோடுதான் வந்தது. என் தீர்ப்பின் முதற் கல் அங்கேயே பெயர்ந்தது.

பித்தளைக்குப் பின் நிக்கல் வந்தது. மின்சாரத்தால் ஓர் உலோகத்தின்மேல் மற்றோர் உலோகத்தைப் படிய வைக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆலிவர் வாட்ஸ் என்ற பேராசிரியர் நிக்கல் முலாமுக்குரிய கரைசல் ஒன்றை வகுத்தார். முலாம் பூசுவோர் இன்றளவும் அவர் பெயராலேயே அதனை வழங்குகின்றனர். நிக்கலின் ஒளி இளமஞ்சள் கலந்த வெண்மை, கண்ணுக்கு இதமானது. ஆயினும் அதுவும் மங்கும்; அதற்கும் துலக்கல் வேண்டும்.

மங்காத ஒளியைத் தந்தது குரோமியம். இதன் கதை சுவையானது. 1797-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலார் வொக்கெலான், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறத் தாது ஒன்றை ஆராய்ந்து, அதனுள் அதுவரை அறியப்படாத ஒரு தனிமம் இருப்பதைக் கண்டார். அதன் சேர்மங்கள் செம்மை, மஞ்சள், பச்சை எனப் பல நிறங்களைக் காட்டின. ஆகவே நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயர் அமைந்தது. முதன்முதலில் உலகம் அதனை வண்ணப்பூச்சுக்கும் சாயத்திற்குமே பயன்படுத்திற்று. நிறம் என்றே பெயர் பெற்ற ஒரு தனிமத்தை, நிறமே இல்லாத கண்ணாடி ஒளிக்காக நாம் போற்றுகிறோம். என் பேரன் வண்ணம் பூசலாம் என்றபோது நான் சினந்தேனே, குரோமியமே வண்ணக் கடையிலிருந்து வந்த விருந்தாளிதான்!

குரோமிய முலாத்தை நம்பகமான தொழிலாக ஆக்கியவர்களுள் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் காலின் ஃபிங்க். 1926-ஆம் ஆண்டில் அவருடைய முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 1920-கள் முடிவதற்குள் மோட்டார் வண்டிகளில் நிக்கலின் இடத்தைக் குரோமியம் பிடித்துக்கொண்டது. துலக்குபவனுக்கு வேலை போயிற்று. ஈரத்துணியால் துடைத்தாலே போதும்; வண்டி ஒளிரும்.

இங்கே ஓர் அறிவியற் செய்தியை நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும். பம்ப்பரின்மேல் நாம் காணும் குரோமியப் படலம் எவ்வளவு தடிப்பு என்று எண்ணுகிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அழகுக்காகப் பூசும் குரோமியம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இராது. மனிதத் தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளும் கீறல்களும் உண்டு. மழைநீரைத் தடுத்து இரும்பைக் காப்பது பெரும்பாலும் அதற்கு அடியிலுள்ள நிக்கற் படலமே. அது குரோமியத்தைப்போல் பல மடங்கு தடித்தது. மேலே உள்ளது ஒளியைத் தருகிறது; கீழே உள்ளது உயிரைக் காக்கிறது. நிக்கலைச் சிக்கனமாகப் பூசிய வண்டியில் குரோமியம் எவ்வளவு மின்னினாலும், சில மழைக்காலங்களுக்குள் துரு துளைத்துக்கொண்டு வெளிவரும்.

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்தது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருவாத எஃகை வார்த்தார். நம் பெண்கள் எவர்சில்வர் என்று வழங்குவது அந்தக் குடும்பத்து உலோகமே. 1930-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் ‘ஏ மாதிரி’ வண்டியின் ரேடியேட்டர் உறையையும் தலைவிளக்குகளையும் துருவாத எஃகால் செய்தது. முலாம் தோல், பெயர்ந்துவிடலாம். எவர்சில்வரிலோ ஒளி உடலோடு கலந்தது. ஆனால் விலை மிகுதி. தடித்த பம்ப்பரை அதனால் செய்வது எளிதன்று. ஆதலால் குரோமிய முலாமே கோலோச்சியது.

அந்த ஆட்சிக்கு முதல் இடையூறு போரால் வந்தது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும், பகைவரின் விமானங்களுக்கு ஊர் தெரியாதிருக்க இங்கிலாந்து முழுதும் இரவில் விளக்கணைத்தனர். மோட்டார் வண்டியின் தலைவிளக்கை மூடியிட்டு மறைத்தனர். இருட்டில் வண்டி வருவது தெரியாமல் மக்கள் அடிபட்டு மாண்டனர். அதனால் பம்ப்பரின்மேலும் படிப்பலகையின் விளிம்பிலும் வெள்ளை வண்ணம் பூச வேண்டியதாயிற்று. குரோமியம் மின்னுவதற்கு ஒளி வேண்டும். ஒளியே இல்லாத தெருவில் அது வெறும் இருட்டு. மலிவான வெள்ளை வண்ணமோ மங்கிய வெளிச்சத்திலும் தெரிந்தது. மனித உயிரைக் காத்தது.

அமெரிக்காவில் வேறு வகையான நெருக்கடி. கவச வண்டிகளுக்கும் விமான எஞ்சின்களுக்கும் குரோமியமும் நிக்கலும் தேவைப்பட்டன. 1942-ஆம் ஆண்டு சனவரி முதல், பம்ப்பரைத் தவிர வண்டியின் வேறெந்த உறுப்பிலும் பளபளக்கும் முலாம் கூடாது என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. கிரில்லும் விளக்கு வளையங்களும் சன்னல் ஓரப் பட்டைகளும் வண்ணம் பூசப்பட்டு வெளிவந்தன. அந்த வண்டிகளுக்கு இருட்டடிப்பு வண்டிகள் என்ற பெயர் வழங்கிற்று. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான வண்டி உற்பத்தியே நின்றுவிட்டது. ஆகவே அவை மிகச் சிலவே. மின்னாத அந்த வண்டிகளைப் பழம்பொருள் சேர்ப்போர் இன்று தேடித் திரிகின்றனர். அவற்றில் ஒன்றுக்கு இப்போது யாரேனும் குரோமிய முலாம் பூசினால், அதுவே வரலாற்றை அழித்ததாகும்!

1950-ஆம் ஆண்டில் கொரியப் போர் மூண்டது. மறுபடியும் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கத் தொழிற்சாலைகள் நிக்கலைக் குறைத்தும் நீக்கியும், செம்பின்மேல் நேராகக் குரோமியத்தைப் பூசின. அது விரைவில் கெடும் என்று அறிந்து, அதன்மேல் நிறமற்ற அரக்குப் பூச்சையும் ஏற்றின. புதிய வண்டியின் குரோமியத்தைக் காக்க வண்ணக்காரனின் அரக்கு வேண்டியிருந்தது. முலாமும் பூச்சும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

போர்கள் ஓய்ந்தபின் மினுக்கு வெள்ளம்போல் பெருகிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1927-ஆம் ஆண்டு முதல் வடிவமைப்புப் பிரிவை நடத்திய ஹார்லி ஏர்ல் அதன் தலைவர்களுள் ஒருவர். அவர் ஓய்வு பெற்ற 1958-ஆம் ஆண்டின் பியூக் வண்டியில் கிரில் மட்டுமே 160 குரோமியச் சதுரங்களால் ஆனது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், 1950-களின் இறுதியில், நம் நாட்டில் அம்பாசிடர் வெளிவந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடியொற்றி, வங்காளத்தின் உத்தரபாராவில் அது செய்யப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. பியூக்கோடு ஒப்பிட்டால் அது அணிகலன் குறைந்த குடும்பப் பெண். ஆயினும் பம்ப்பரும் கிரில்லும் சக்கரத் தொப்பிகளும் மின்னின. அந்த மின்னலைக் கண்டால் ஊர்ப்பிள்ளைகள் ஓடிவந்து அதில் தங்கள் முகத்தைக் கோணலாகப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் அவ்வாறு சிரித்தவன்தான்.

1970-களில் காற்று மாறியது. 1972-ஆம் ஆண்டில் வந்த ரெனோ 5 என்ற பிரெஞ்சு வண்டி பிளாஸ்டிக் பம்ப்பரை அணிந்தது. குரோமியம் மெல்ல மெல்ல ஒதுங்க, மங்கலான கறுப்பு வண்ணம் நாகரிகமாயிற்று. பிறகு மறுபடியும் மினுக்கு வந்தது. இன்றோ புதிய வண்டியை வாங்கிய இளைஞர் சிலர், அதன் குரோமியப் பட்டைகளைக் கறுப்பாக்கித் தரும் கடையைத் தேடுகின்றனர். தாத்தாவுக்குப் பெருமையாக இருந்தது பேரனுக்கு மிகையாகத் தோன்றுகிறது.

இதுவரை கூறியது வண்டியின் வெளிப்பக்கத்து வரலாறு. இனி என் மாணவரின் விரல்களுக்கு வருவோம்.

குரோமிய முலாம் பூசும் தொட்டியில் இருப்பது குரோமிக அமிலம். பம்ப்பரை அதில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தும்போது குரோமியம் படிவதோடு ஹைட்ரசன் குமிழிகளும் மிகுதியாக எழுகின்றன. ஒவ்வொரு குமிழியும் மேற்பரப்பில் உடையும்போது நுண்ணிய அமிலத் திவலைகளைக் காற்றில் தெறிக்கிறது. இவ்வாறு தொட்டியின்மேல் ஒரு மஞ்சள் நிற மூடுபனி தங்குகிறது. அந்த மூடுபனி தோலில் குழிப்புண்ணை உண்டாக்கும். மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். ஸ்காட்லாந்தில் குரோமியச் சாயம் கையாண்ட தொழிலாளரின் புண்களை 1827-ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். முலாத் தொழில் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை ஏட்டில் இருந்தது! 1990-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அவ்வகைக் குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று திட்டமாக அறிவித்தது.

இந்த இடர் தொலைநாட்டுச் செய்தியன்று. நம் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் குரோமிய இரசாயனங்கள் செய்த தொழிற்சாலை ஒன்று 1995-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு ஒரு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. சுற்றுவட்டத்து நிலத்தடி நீரில் அந்த நஞ்சு கலந்தது. எங்கோ ஒரு பொருள் ஒளிர்வதற்கு எங்கோ ஒரு கிணறு மஞ்சளாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017-ஆம் ஆண்டு முதல் குரோமிக அமிலத்தைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்த இயலாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், அழகுக்காக இவ்வமிலத்தைக் கொண்டு முலாம் பூசுவதை 2027-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்குக் கொண்டுவரும் விதியை 2023-ஆம் ஆண்டில் இயற்றியது. தீமை குறைந்த வேறொரு குரோமியக் கரைசலைக் கொண்டு முலாம் பூசும் முறையும் பரவிவருகிறது. அறிவியல் தான் உண்டாக்கிய குற்றத்தைத் தானே திருத்திக்கொள்ள முயல்கிறது, அது நற்செய்தியே.

பித்தளைக் காலத்தில் துலக்குபவனின் தோள் நோயுற்றது. அதை வண்டிக்காரர் கண்ணாற் கண்டார். குரோமியக் காலத்தில் நோயுற்றவன் மதிலுக்கு அப்பால் போய்விட்டான், யாரும் காணவில்லை. மங்காத ஒளி என்று நான் போற்றியதன் விலையை என் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை செலுத்தியிருக்கிறான். வரலாற்றை மறைக்கலாகாது என்று பேரனுக்கு உபதேசித்த நானே வரலாற்றின் பாதியைத்தான் அறிந்திருந்தேன்.

மறுவாரம் பேரனை அழைத்து, “வண்ணமே பூசுவோம்” என்றேன். அவன் சிரித்தான், எனினும் வென்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பிள்ளை.

நாங்கள் செய்த முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் முற்றும் போக்கினோம். பிறகு, தூசி பறக்காதிருக்க நீர் தொட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, உப்புத்தாளால் தேய்த்தோம். பெயரத் தொடங்கிய முலாம் முழுதும் நீங்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருப்பதன் விளிம்பு சரிவாகத் தேய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடு தட்டுப்படக் கூடாது. ஒட்டியிருக்கும் குரோமியத்தின் வழவழப்பையும் மங்கச் செய்தாக வேண்டும். கண்ணாடிபோன்ற பரப்பில் வண்ணம் பற்றாது. பூசிய சில திங்களில் பட்டை பட்டையாக உரியும். துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்த பின், உலோகத்தைச் சிறிதே அரித்துப் பற்றிக்கொள்ளும் பிரைமரை மெல்லியதாக இருமுறை பூசினோம். அது நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம். இவ்வளவுக்கும் எட்டு நாள் ஆயிற்று. அவற்றுள் ஆறு நாள் தேய்ப்புக்கே போயிற்று. வண்ணம் பூசும் வேலையில் வண்ணம் பூசுவது மிகச் சிறு பங்கு என்பதைப் பேரன் தானே கண்டு கூறினான். படிப்பிலும் அப்படியே என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

எந்த நிறம் என்பதில் எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. அவன் வெள்ளி நிறம் என்றான். நான் வெளிர்சாம்பல் என்றேன். வெள்ளி வண்ணம் தொலைவிலிருந்து பார்ப்போருக்குக் குரோமியம்போல் தோன்றும். அருகில் வந்தால் ஏமாற்றம் தரும். வண்ணம் வண்ணமாகவே இருக்கட்டும். முலாம்போல் அது நடிக்க வேண்டாம். 1942-ஆம் ஆண்டின் இருட்டடிப்பு வண்டிகளின் கதையைக் கேட்டபின் அவனும் இசைந்தான்.

இன்னும் ஒன்று செய்தோம். பம்ப்பரின் உட்புறத்தில், வெளியே நிற்போர் பார்வைக்கு எட்டாத இடத்தில், பழைய முலாம் கெடாதிருந்த பகுதி ஒன்று இருந்தது. அதில் உள்ளங்கை அளவை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டோம். நாளை இந்த வண்டி வேறொருவர் கைக்குப் போகலாம். அவர் பம்ப்பரைக் கழற்றினால், இது ஒருகாலத்தில் குரோமியமாக இருந்தது என்பதையும், எவரோ அறிந்தே அதனை மாற்றினர் என்பதையும் அவ்விடம் அவருக்குச் சொல்லும். பழையதை மாற்றக் கூடாது என்று வரலாறு நமக்கு ஆணையிடவில்லை. மாற்றியதை மறைக்கலாகாது என்றே கேட்கிறது.

சென்ற மாதம் அந்த மாணவர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தவர் வீட்டிற்கும் வந்தார். பம்ப்பரை நெடுநேரம் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவி, “மேடு தட்டவில்லை ஐயா, நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள்” என்றார். பிறகு குனிந்து, அடியில் கைவிட்டு, நாங்கள் விட்டுவைத்த அந்த உள்ளங்கை இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் பேரனை அருகில் அழைத்து, நிக்கலும் குரோமியமும் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைத் தேய்ந்த விளிம்பில் எவ்வாறு இனங்காண்பது என்று பொறுமையாக விளக்கத் தொடங்கினார். நான் திண்ணையில் அமர்ந்து அவர் நடத்திய பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.